திருப்பும்போது முரண்டு பிடிக்கும் டிராக்டர்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டர் இன்று தமிழகத்தில் புதுமைப் பொருளல்ல. சேற்றுழவுக்கும், ஈரம் காயாத கரிசலுக்கும், மேட்டுநிலச் சரிவுக்கும் ஏற்றதென்று கண்டு விவசாயிகள் பலர் அதை வாங்கியுள்ளனர். வாங்கிய சில ஆண்டுகளில் அவர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு. "நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. திருப்பினால்தான் முன்பக்கம் சத்தம் வருகிறது, ஸ்டியரிங் இரும்பாய்க் கனக்கிறது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி முரண்டு பிடிக்கிறது" என்பதே அது.

இதைக் கேட்டவுடன், "கிரவுன், பினியன் போய்விட்டது, முன் அச்சை இறக்க வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நடவுப் பருவத்தில் அச்சை இறக்கினால், டிராக்டர் பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். வாடகை உழவு செய்பவருக்கோ அப்பருவத்தின் வருமானமே கைநழுவும். ஆகையால் அச்சில் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னர், சாக்பீஸ் துண்டு ஒன்றும் ஜாக்கி ஒன்றும் கொண்டு விவசாயி தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கு விளக்குவோம். எல்லாச் சத்தமும் நோயல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

களத்தில் பிணையல் மாடு கட்டிப் போரடித்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உள்ளே நடக்கும் மாடு சிறிய வட்டத்தில் மெல்ல அடியெடுத்து வைக்கும். வெளியே நடக்கும் மாடு பெரிய வட்டத்தில் எட்டிப்போட்டு நடக்கும். இரண்டும் ஒரே தூரந்தான் நடக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தினால் கயிறு அறும், அல்லது மாடு இடறும். டிராக்டரின் இடது, வலது சக்கரங்களுக்கிடையே இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கவே ஒவ்வோர் அச்சிலும் டிபரென்ஷியல் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அப்படி எதுவும் கிடையாது. லீவரைப் போட்டதும், கியர் பெட்டியிலிருந்து டிராக்டரின் வயிற்றுக்கடியில் செல்லும் தண்டு முன் அச்சைப் பின் அச்சோடு பூட்டிவிடுகிறது. பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்சக்கரம் இத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது தொழிற்சாலையில் நிர்ணயித்த கணக்கு. அதை மாற்ற ஓட்டுநரால் இயலாது.

திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. அச்சுகளுக்கிடையே 2 மீட்டர் இடைவெளியுள்ள ஒரு டிராக்டர், பின் அச்சின் நடுப்பகுதி 3 மீட்டர் ஆரத்தில் வருமாறு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். முன் அச்சின் நடுப்பகுதி 3.6 மீட்டர் ஆரத்தில் செல்லும். கால் வட்டம் திரும்பி முடிப்பதற்குள் பின் அச்சு 4.7 மீட்டரும் முன் அச்சு 5.7 மீட்டரும் கடந்திருக்கும். வேறுபாடு ஏறக்குறைய 1 மீட்டர். பற்சக்கரங்கள் இந்த ஒரு மீட்டரை விட்டுக்கொடுப்பதில்லை. சேற்றிலும் புழுதியிலும் சக்கரம் சற்றே சறுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார்ச்சாலையிலும் சிமெண்டுக் களத்திலும் எளிதில் சறுக்க வழியில்லை. ஆகவே கயிற்றில் முறுக்கு ஏறுவதுபோலத் தண்டிலும் பற்சக்கரங்களிலும் முறுக்கு ஏறுகிறது. தாங்காத கட்டத்தில் டயர் துள்ளிச் சறுக்கி அந்த முறுக்கை விடுவிக்கிறது. அப்போது வரும் 'டங்' என்ற அதிர்வும், டயர் தேயும் ஓசையும், ஸ்டியரிங் கனப்பதும் எல்லாம் இந்த முறுக்கின் விளைவே. மலைத் தோட்டங்களில் ஓடும் பழைய ஜீப்புகளிலும் இதே கதைதான்.

சில டிராக்டர்களில், சக்கரத்தை நன்கு ஒடித்துத் திருப்பும்போது முன் அச்சு தானாக வேகம் கூடிச் சுற்றும்படி ஓர் அமைப்பு உண்டு. வயலில் குறுகிய இடத்தில் திரும்புவதற்கு அது நல்ல வசதி. அதையும் தார்ச்சாலையில் பயன்படுத்துவதற்கில்லை.

முதல் சோதனை

கருவி எதையும் மாட்டாமல், சமமான கெட்டித் தரையில், நான்கு சக்கர இயக்க லீவரை எடுத்துவிட்டு, முதல் கியரில் மெல்ல இடப்புறம் ஒரு வட்டமும் வலப்புறம் ஒரு வட்டமும் சுற்றிப் பாருங்கள். சத்தமின்றி, ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பினால் முன் அச்சு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. பிறகு உழுத வயலில் லீவரைப் போட்டு, அகலமாகத் திருப்பிப் பாருங்கள். அங்கும் முரண்டு இல்லையென்றால் பழுது பார்க்க வேண்டியது டிராக்டரை அல்ல, லீவரை எடுக்காமலே சாலையில் ஓட்டும் பழக்கத்தை. வயலிலிருந்து ஏறி, லீவரை மறந்து, டிரெய்லரோடு ஊர்வரை ஓட்டிச் செல்வோர் எத்தனையோ பேர். முன் டயர் சீக்கிரமே மொட்டையாகிவிட்டதென்று டயர் கம்பெனியைக் குறை கூறுவோரும் இவர்களில் உண்டு.

பொலபொலவென்ற மண்ணிலும், லீவரைப் போட்டால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது என்றால் டயர்களைச் சந்தேகிக்க வேண்டும். லீவரை எடுத்த பிறகும் குறை தீரவில்லையென்றால், லீவர் உண்மையில் விடுபடவில்லை, அல்லது அச்சுக்குள் கோளாறு இருக்கிறது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம். இவற்றில் விவசாயிகள் அதிகம் கவனிக்காதது டயர்தான்.

டயரில் இருக்கும் கணக்கு

நேராக ஓடும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று முந்தி ஓடுமாறுதான் பற்சக்கரங்களை அமைக்கிறார்கள். அப்போதுதான் முன்சக்கரமும் மண்ணைப் பற்றி இழுக்கும். இந்த முந்தல் பொதுவாக 1 முதல் 5 சதவீதத்துக்குள் இருத்தல் வேண்டும். 5-க்கு மேல் போனால் டயர் வீணாகத் தேயும். முன் அச்சின் மீது சுமை ஏறும். முந்தல் போய்ப் பிந்தலாகிவிட்டாலோ, முன்சக்கரம் இழுப்பதற்குப் பதிலாகப் பிரேக் பிடிப்பதுபோல் தடுக்கும். பின்சக்கரம் தள்ள, முன்சக்கரம் தடுக்க, நடுவில் தண்டு முறுக்கேறும். திருப்பத்தில் இது இரண்டு மடங்காகத் தெரியும்.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு விவசாயியின் டிராக்டர் இப்படித்தான் அச்சை இறக்கும் நிலைக்கு வந்திருந்தது. சேற்றுழவில்கூடத் திருப்பினால் முன்பக்கம் குதித்தது. வேலை முடிந்தபின் லீவரை எடுக்க இருவர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. பினியன் மாற்ற வேண்டுமென்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டேன். "போன வருஷம் பின்னாடி டயர் மாத்தினேன் சார், அதுக்கப்புறந்தான்" என்றார். 13.6-28 அளவு டயர் இருந்த இடத்தில், இன்னும் நன்றாகப் பிடிக்குமென்று 14.9-28 போட்டிருந்தார். இரண்டும் ஒரே வட்டில் ஏறும், ஆனால் 14.9 டயர் சுமார் 4 சதவீதம் உயரமானது. போதாததற்கு முன் டயர்கள் இரண்டும் பழையவை, தேய்ந்தவை.

சாக்பீஸால் ஒரு பின் டயரிலும் ஒரு முன் டயரிலும் கோடு போட்டோம். முன் டயரைச் சுற்றிலும் பத்துப் பாகமாகக் கோடிட்டுக்கொண்டால் முழுச்சுற்றோடு பின்னச் சுற்றும் தெரியும். டயர்க் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்துகொண்டு, லீவரை எடுத்துவிட்டு, சமதரையில் நேராக மெல்ல ஓட்டச் சொன்னோம். பின்சக்கரம் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் முன்சக்கரம் 16.4 சுற்றுச் சுற்றியது. அடுத்து வயலில் இறக்கி, லீவரைப் போட்டு, மீண்டும் நேராகப் பத்துச் சுற்று. இப்போது முன்சக்கரம் 15.9 சுற்றுத்தான் சுற்றியது. தரைக் கணக்குப்படி 16.4 சுற்ற வேண்டிய சக்கரத்தைப் பற்சக்கரம் 15.9-இல் பிடித்து நிறுத்துகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.5, அதை 16.4-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 3 சதவீதம். அதுவும் பிந்தல்!

மீண்டும் பின்னால் 13.6-28 டயரும், முன்னால் அதே அளவில் புதிய டயரும் போட்ட பிறகு, லீவர் இல்லாமல் 15.4 சுற்று வந்தது. லீவரோடு அதே 15.9. முந்தல் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். முரண்டு போய்விட்டது. கழற்றிய 14.9 டயர்கள் அவருடைய மைத்துனரின் இரண்டு சக்கர இயக்க டிராக்டருக்குப் போயின. முன் அச்சுக்கு இயக்கம் இல்லாத வண்டியில் இந்த வம்பு கிடையாது.

இக்கணக்கில் தேய்மானத்தின் பங்கைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 40 செ.மீ. ஆரமுள்ள முன் டயரில், மேலே புடைத்திருக்கும் கட்டைகள் 2 செ.மீ. தேய்ந்தால் சுற்றளவில் 5 சதவீதம் போய்விடுகிறது. தொழிற்சாலை கொடுத்த முந்தல் முழுவதையும் அது விழுங்கிவிடும். அதேபோல, பின் டயர்கள் மொட்டையாயிருக்க முன்னால் மட்டும் புது டயர் போட்டால் முந்தல் அளவுக்கு மிஞ்சிப் போகும். முன்னிரண்டில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போடுவது இன்னும் தவறு. அதனால் டிபரென்ஷியல் நேர்பாதையிலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டி வரும். வேறு அளவு டயர் வாங்க விரும்பினால், வட்டுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த மாதிரிக்கு முன்னும் பின்னும் எந்த ஜோடி அனுமதிக்கப்பட்டுள்ளது என்று கையேட்டில் பார்த்து வாங்க வேண்டும். டயரைக் கழற்றிவிட்டு முழுக் கேஜ் வீல் மாட்டுவோரும் அதன் விட்டத்தை இந்தக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல் நலம்.

எண்ணுவதற்கு உடன் நடப்பவர் சக்கரத்திலிருந்து நான்கடி தள்ளியே நடக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

லீவர் எடுத்தும் விடாவிட்டால்

முறுக்கேறிய நிலையில், லீவரோடு சேர்ந்த பற்கள் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொள்ளும். லீவரை நகர்த்தினாலும் உள்ளே விடுபடாது. இதைத் தெரிந்துகொள்ள ஜாக்கி உதவும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் அச்சு நடுவில் ஊசலாடும் அமைப்புடையது. ஆகவே அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இருபுறமும் மரக்கட்டை செருகிய பிறகே தூக்க வேண்டும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தரையை விட்டு எழுப்பி, அடியில் உறுதியான தாங்கு கட்டை வைத்து, லீவரை எடுத்த நிலையில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரம் சுற்றி, வயிற்றுக்கடியில் தண்டும் சுற்றினால் லீவர் விட்டிருக்கிறது. சிறிது ஆடிவிட்டுச் சக்கரம் பூட்டிக்கொண்டால் விடவில்லை.

விடாத லீவரைச் சுத்தியலால் தட்டுவதும், குழாய் மாட்டி நெம்புவதும் கூடாது. உள்ளேயிருக்கும் கவை வளைந்துவிடும். டிராக்டரை நேராக நிறுத்தி, சில அடி பின்னோக்கி மெல்ல ஓட்டினால் பெரும்பாலும் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானே வந்துவிடும். மண்தரையாக இருந்தால் இன்னும் எளிது. அப்படியும் வராவிட்டால், மேலே சொன்னபடி ஒரு முன்சக்கரத்தை எழுப்பினால் முறுக்கு விடுபடும். எழும் கணத்தில் சக்கரம் சட்டென்று சுழலக்கூடுமாதலால் கையை அதன் மேல் வைத்திருக்க வேண்டாம். முறுக்கே இல்லாதபோதும் லீவர் விடவில்லையென்றால் இணைப்புக் கம்பியின் நீளம், அதன் மூட்டுகளில் ஏறிய துரு, சேறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

லீவருக்குப் பதிலாகச் சுவிட்ச் உள்ள டிராக்டர்களில் விளக்கை மட்டும் நம்புவதற்கில்லை. சில மாதிரிகளில் எண்ணெய் அழுத்தம் வந்தால்தான் இணைப்பு விடுபடும். அழுத்தமோ மின்சாரமோ தவறினால் நான்கு சக்கர இயக்கம் போட்டபடியே நிற்கும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பின் அச்சின் டிபரென்ஷியல் லாக். அதன் பெடலைக் காலை எடுத்ததும் ஸ்பிரிங் மேலே தூக்கிவிட வேண்டும். பெடலடியில் சேறு காய்ந்து இறுகினாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ லாக் விழுந்தபடியே இருக்கும். அப்போதும் டிராக்டர் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். பின்சக்கரத்தில் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தால் குற்றம் முன் அச்சில் இல்லை, இங்கே என்று கொள்ளலாம்.

அச்சுக்குள் இருந்தே வரும் சத்தம்

லீவரை எடுத்துவிட்டால் முன் அச்சு ஓய்ந்துவிடுகிறது என்று நினைப்பது சரியல்ல. சக்கரம் உருளும்வரை அச்சுக்குள் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். ஆகவே லீவர் நன்றாக விடுபட்ட பிறகும் திருப்பத்தில் சத்தம் வந்தால் அச்சை ஆராய வேண்டும். அதற்கு முன் ஒரு பொய்ச் சத்தத்தை விலக்கிவிடுவோம். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஓரம்வரை ஒடித்துப் பிடித்தால் 'உய்ங்' என்று எண்ணெய் சீறும் ஒலி வரும்; சிறிது திருப்பி விட்டால் நின்றுவிடும். அது பாதுகாப்பு வால்வின் வேலை. ஓரத்தில் பிடித்து அழுத்திக்கொண்டே ஓட்டாமலிருந்தால் போதும்.

சக்கர நட்டுகளை முதலில் முடுக்கிப் பாருங்கள். தளர்ந்த நட்டு 'டக், டக்' என்று சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை தட்டும். நட்டு சரியாக இருந்தும், ஒடிக்க ஒடிக்க அந்தத் தட்டல் பெரிதானால், சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டின் சிலுவை தேய்ந்திருக்கலாம். சிறிய டிராக்டர்கள் பலவற்றில் அந்த மூட்டில் ஜாயின்ட் கிடையாது. செங்குத்தான தண்டும் கூம்புப் பற்சக்கரங்களும் இருக்கும். இவற்றில் கோளாறு வந்தால் தட்டலாக இராது. அரைப்பதுபோன்ற 'கர்ர்' ஒலியாக இருக்கும். சக்கரத்தை எழுப்பி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரப் பேரிங்கோ, திருப்பு மூட்டின் பேரிங்கோ தேய்ந்துவிட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது மட்டும் ஒற்றை 'டங்' கேட்டால், இன்ஜினை அணைத்துவிட்டு வயிற்றுத் தண்டைக் கையால் முறுக்கிப் பார்த்து அதன் இணைப்புகளில் தேய்மானம் உண்டா என்று காணலாம்.

நம் பகுதியில் முன் அச்சைக் கெடுப்பது பெரும்பாலும் சேற்றுத் தண்ணீர்தான். ஆயில் சீலைச் சுற்றி வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றிக்கொள்ளும். சீலின் உதடு கிழியும். எண்ணெய் வெளியே வருமுன் தண்ணீர் உள்ளே போய்விடும். ஒவ்வொரு சேற்றுழவுப் பருவம் முடிந்ததும் டிராக்டரை ஓரிரவு அசையாமல் நிறுத்தி, காலையில் முன் அச்சின் அடி மூடியைச் சிறிது தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கியிருக்குமாதலால் அதுவே முதலில் சொட்டும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தாலும் அதே பொருள்தான். உடனே எண்ணெயை மாற்றி, சீலையும் மாற்றிவிட்டால் செலவு அத்தோடு நிற்கும். நடுப்பெட்டிக்கும் இரு பக்கச் சக்கரப் பெட்டிகளுக்கும் தனித்தனி மூடிகள் இருக்கும் மாதிரிகள் உண்டு; நடுவில் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. மூடியின் காந்தத்தில் மைபோல நுண்பொடி ஒட்டியிருப்பது இயல்பு. செதிலாகவோ துண்டாகவோ இரும்பு வந்தால் அப்போது அச்சை இறக்கத்தான் வேண்டும், தள்ளிப்போட வேண்டாம்.

எண்ணெயின் வகையும் முக்கியம். சில முன் அச்சுகளின் டிபரென்ஷியலுக்குள், ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழலாமலிருக்க உராய்வுத் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். அவற்றுக்குத் தனி எண்ணெய் உண்டு. கடையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றினால், திருப்பும்போது தட்டுகள் ஒட்டியும் விட்டும் 'கறுக், கறுக்' என்று அதிரும். எண்ணெய் மாற்றிய மறுநாளிலிருந்து சத்தம் என்று யாரேனும் சொன்னால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஓட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. காய்ந்த வயலில் கோடியில் திரும்பும்போது கருவியைத் தூக்கி, லீவரை எடுத்து, திரும்பி நேரான பிறகு மீண்டும் போடுவது நல்லது. ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துச் சட்டென்று சுழற்றுவது சேற்றில் பரவாயில்லை. கெட்டி நிலத்தில் லீவர் போட்டபடி அப்படிச் செய்தால் முன் அச்சின் பற்களுக்குத்தான் கேடு. பின்சக்கரம் புதைந்து சுழன்றுகொண்டிருக்கும் நேரத்தில் லீவரைப் போடாதீர்கள். நின்று, கிளட்சை மிதித்து, பிறகு போடுங்கள்.

சாலையில் லீவரை எடுத்துவிட வேண்டுமென்பதற்கு ஒரு விலக்கு உண்டு. பாரமேற்றிய டிரெய்லரோடு செங்குத்தான சரிவில் இறங்கும்போது லீவரைப் போட்டே இறங்க வேண்டும். முன்சக்கரங்களுக்குத் தனிப் பிரேக் இல்லாத டிராக்டரில், பின் பிரேக்கின் பிடி தண்டின் வழியே முன்சக்கரங்களுக்கும் சென்று நான்கு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைத்து, தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். வளைவுகளில் டயர் சிறிது முனகினால் முனகட்டும்; சமதரை வந்த பிறகு லீவரை எடுத்துக்கொள்ளலாம்.